மூன்று பில் ஒரே பில்லாக வந்தால்: தாமதமான கரண்ட் பில்லைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டிக்கொண்டிருந்த மதுரை வீடு. திடீரென்று ஒரு நாள் எட்டாயிரம் என்று கைபேசிக்குச் செய்தி வருகிறது. விசாரித்தால், நடுவில் இரண்டு தடவை ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை, இப்போது மொத்தமாகச் சேர்ந்து வந்திருக்கிறது என்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் நேராக இ.பி. ஆபீஸுக்குப் போய், "தப்பு உங்களுது, ஒரு பைசா கட்ட மாட்டேன்" என்று சத்தம் போடுவார். இன்னொருவர் வம்பு வேண்டாமென்று தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடுவார். இருவருமே நஷ்டப்படுகிறார்கள். ஓடிய யூனிட் நாம் எரித்தது, அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று கணக்கை ஒரே கணக்காகப் போட்டதால் ஏறிய தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆபீஸில் கேட்க வேண்டியது இது ஒன்றுதான்: "பிரித்துப் போட்டுக் கொடுங்கள்."

பிரிக்கச் சொல்வதில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 2022 செப்டம்பர் 10-இல் வந்த விகிதம் கணக்குப் போட எளிது, அதையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு விலை கொஞ்சம் ஏறியது, உங்கள் பில்லுக்கு அந்தந்தத் தேதியின் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 2022 விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 2.25 என்ற மலிவு விலையே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50, அடுத்த நூறு 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11.

இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நூறுக்கு 225, மிச்ச 180 யூனிட்டுக்கு 810, மொத்தம் 1,035 ரூபாய். மூன்று தடவைக்கு 3,105.

அதே 1,140 யூனிட்டை ஒரே தடவையாகப் போட்டால்: 101 முதல் 400 வரை 1,350, அடுத்த நூறுக்கு 600, அதற்கடுத்த நூறுக்கு 800, பிறகு 1,800, 2,000, கடைசி 140 யூனிட்டுக்கு 1,540. ஆக மொத்தம் 8,090 ரூபாய். எரித்த மின்சாரம் ஒன்றுதான். கணக்கு போட்ட விதத்தில் 4,985 ரூபாய் கூடிவிட்டது. மூன்று தடவை கிடைக்க வேண்டிய இலவச 100 யூனிட் ஒரே தடவையோடு நின்றுபோனதும் இதில் அடக்கம்.

500-ஐ ஒட்டி இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு வேடிக்கை. சரியாக 500 என்றால் 1,725 ரூபாய், 510 என்றால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தள்ளி வந்தால் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோமே என்ற கவலை நியாயமானதுதான். இருந்தாலும் மூன்று நான்கு நாள் தாமதத்துக்கு மனு எழுதிக்கொண்டு அலைவது என் கணக்கில் வீண். அடுத்த பில்லின் நாட்கள் அந்த அளவுக்குக் குறையும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போனால் விடாதீர்கள்.

பிரிப்பது ஏதோ சலுகை என்று யாராவது சொன்னால் 2020-ஐ நினைவுபடுத்துங்கள். ஊரடங்கில் வீட்டுக்கு வந்து ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்தபோது, மொத்த யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். கட்டிய பணத்துக்குப் பதில் யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது தள்ளுபடியாகி, மின் வாரியம் கணக்கிட்ட முறையே நின்றது. அன்று மாநிலம் முழுவதும் நடந்ததைத்தான் உங்கள் ஒரு வீட்டுக்குக் கேட்கிறீர்கள்.

எந்த வகைத் தாமதம் என்று முதலில் பாருங்கள்

ஆபீஸுக்குக் கிளம்பும் முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மேசை மேசையாகச் சுற்ற விடுவார்கள்.

ரீடிங்கே எடுக்காமல் விட்டிருக்கலாம். அது மேலே சொன்ன கதை. அல்லது வீடு பூட்டியிருந்ததாகப் போட்டு, பழைய தொகையையே பில்லாக அனுப்பியிருக்கலாம். 'டோர் லாக்' என்பார்கள். இந்த வகையில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் 1,035 கட்டியே வந்திருப்பீர்கள். கடைசியில் 8,090-லிருந்து கட்டிய 2,070-ஐக் கழித்து 6,020 கேட்டால் அது தவறான கணக்கு. 3,105-லிருந்து 2,070 போக மிச்சம் 1,035தான் நீங்கள் தர வேண்டியது.

எண்ணைத் தப்பாகப் படித்திருப்பது மூன்றாவது வகை. 8-ஐ 3 என்று குறித்து இந்தத் தடவை குறைத்துவிட்டால், அடுத்த தடவை அது மொத்தமாக வந்து விழும். நான்காவது, மீட்டர் ஓடாமல் நின்றுவிட்டு, மாதங்கள் கழித்து 'சராசரி' என்று போடுவது. ஐந்தாவதுதான் தலைவலி பிடித்தது: வருடங்கள் கழித்துத் தணிக்கையில் கண்டுபிடித்து, "உங்களுக்குக் குறைவான விகிதத்தில் போட்டுவிட்டோம், வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்று வருவது. முன்பக்க அறையில் பெட்டிக்கடையோ தையல் மிஷினோ வைத்திருக்கிற வீடுகளில் இது அதிகம்.

மதுரைக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்லூர், கீழவாசல் பக்கம் இருக்கிற, பல குடித்தனங்கள் ஒன்றாக வாழும் வளவு வீடுகளில் ஏழெட்டு மீட்டர் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். ரீடிங் எழுதுகிற உங்கள் வெள்ளை அட்டையில் பக்கத்து வீட்டு ரீடிங் ஏறிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. சோதிப்பது சுலபம். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, எந்த மீட்டரில் சிமிட்டும் விளக்கு நிற்கிறது என்று பாருங்கள். மீட்டர் மேல் பொறித்திருக்கும் எண்ணும் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள், பிறகு சண்டை வராது.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்

வெள்ளை அட்டை இருந்தால் முதலில் அது. தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று வரிசையாக இருக்கும். எந்த வரி விடுபட்டிருக்கிறதோ அதுவே உங்கள் சாட்சி. அட்டையில் எழுதும் வழக்கம் பல இடங்களில் குறைந்துவிட்டது. அப்படியென்றால் மின் வாரிய இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய பில் விவரங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிக்கு வந்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். "போன தடவை வரவே இல்லை" என்பதை அவையே சொல்லும்.

இணைப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை மண்டலத்தின் எண் 05 என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகத்தைக் குறிக்கும், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது உங்கள் வீட்டு எண். எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்ற குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

இன்றைய ரீடிங்கைப் படம் எடுங்கள். மின்னணு மீட்டரில் தேதி, நேரம், இன்னும் ஏதேதோ எண்கள் மாறி மாறி ஓடும். 'kWh' (கேடபிள்யூஎச்) என்று ஓரத்தில் தெரியும்போது வருகிற எண்தான் யூனிட். மீட்டர் எண்ணும் அதே படத்தில் விழ வேண்டும். சில மின்னணு மீட்டர்கள் பழைய மாதங்களின் ரீடிங்கைத் தங்கள் நினைவிலேயே வைத்திருக்கும். உங்களுடையது அந்த வகையா, எடுத்துத் தர முடியுமா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

நான் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே மாதம் ஒருமுறை மீட்டர் ரீடிங்கையும் எழுதிவிடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆபீஸில் எப்படிப் பேசுவது

காலை பத்தரைக்கு மேல், பணம் கட்டும் கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் போங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு பில்லைத் திருத்தும் அதிகாரம் இல்லை, அவரிடம் வாதாடிப் பயனில்லை. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"யூனிட் ஓடியிருக்குல்ல? கட்டித்தானே ஆகணும்?"

"கட்டுறேன் சார், இல்லேன்னு சொல்லலை. ஆறு மாசத்தை ஒண்ணாப் போட்டிருக்கு. மூணாப் பிரிச்சுப் போட்டுக் கொடுங்க, இன்னைக்கே கட்டிர்றேன்."

கட்டத் தயார் என்ற சொல் முதலிலேயே வந்துவிட்டால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். பிறகு, "இதை யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்?" என்று கேளுங்கள். ரீடிங் விடுபட்டது, மீட்டர் பழுது எல்லாம் பிரிவு அலுவலக உதவி மின் பொறியாளரிடம் தொடங்கும். விகிதம், தொகை சம்பந்தப்பட்டதைக் கணக்குப் பிரிவினர் பார்ப்பார்கள். அவரவரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதோடு நின்றுவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

*பெறுநர்: உதவி மின் பொறியாளர் அவர்கள், (பிரிவின் பெயர்), மதுரை.*

*பொருள்: மின் இணைப்பு எண் 05-… — கணக்கெடுப்பு விடுபட்ட காலத்தின் பயனீட்டை இருமாத வாரியாகப் பிரித்துப் பில்லைத் திருத்தக் கோருதல்.*

*ஐயா, மேற்படி இணைப்பில் (தேதி) அன்று எடுத்த ரீடிங் (எண்). அதன் பிறகு (தேதி) வரை இரண்டு முறை கணக்கெடுப்பு நடைபெறவில்லை. தற்போது (தேதி) அன்று எடுத்த ரீடிங் (எண்) அடிப்படையில் 1,140 யூனிட்டும் ஒரே கணக்காகக் கணக்கிடப்பட்டு ரூ. 8,090 கேட்கப்பட்டுள்ளது. இந்த யூனிட்டை மூன்று இருமாதக் காலங்களுக்குப் பிரித்து, அந்தந்தக் காலத்துக்குரிய விகிதத்தையும் இலவச யூனிட்டையும் அளித்து, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்துத் திருத்திய பில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாமெனவும் தாமதக் கட்டணம் விதிக்க வேண்டாமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.*

அட்டையின் நகல், மீட்டர் படம், நீங்கள் போட்ட கணக்கு மூன்றையும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் தகராறு வேண்டாம், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றே மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகாரைப் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணை மனுவின் பிரதியில் குறித்து வையுங்கள். 2021-லிருந்து இயங்கும் இந்த மையத்தில் இரவிலும் ஆள் இருப்பார்கள்.

எப்படிப் பிரிப்பது, சமமாகவா என்று ஒரு கேள்வி எழும். மார்கழியில் 300, சித்திரையில் ஏசி ஓடி 540 என்று எரித்திருக்கலாம். 300, 300, 540 என்று பிரித்தால் மேலே சொன்ன விகிதப்படி 3,620 ரூபாய். சமமாக 380 என்று பிரித்தால் 3,105. ரீடிங் எதுவும் இல்லாத காலத்துக்குச் சமமாகப் பிரிப்பதுதான் 2020-இல் நடந்தது, நமக்கும் அதுவே லாபம். அதற்காக, கையில் தேதியோடு ரீடிங் படம் இருந்தும் அதை மறைப்பது அழகல்ல.

தகராறு தீரும்வரை கரண்ட் போகாமல் இருக்க

பலர் கோட்டை விடும் இடம் இது. மனு கொடுத்துவிட்டோமே என்று கெடு தேதியைக் கடத்திவிடுவார்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் அவகாசம். பிறகு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க ஆள் வந்து நிற்பார்.

2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. துண்டிக்கும் முன் முழுசாக 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு தர வேண்டும். அது தனிக் கடிதமாகத்தான் வரும் என்று காத்திருக்காதீர்கள், பில்லையே அறிவிப்பாகக் காட்டுவார்கள். அதே பிரிவில், தொகையை எதிர்ப்பவர் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டு, கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது.

நேராகக் கவுன்டரில் போய்ப் பாதித் தொகையை நீட்டினால் கணினி வாங்காது என்றுதான் பதில் வரும். அதனால் 56-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, "ஆட்சேபத்துடன் இவ்வளவு கட்ட அனுமதி வேண்டும்" என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். அதுவும் நடக்கவில்லை, கெடு நாளையோடு முடிகிறது என்றால் என் யோசனை: முடிந்தால் முழுத் தொகையையும் ஆட்சேபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிவிடுங்கள். கட்டியதால் உரிமை போய்விடாது. வீட்டில் கைக்குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அக்னி நட்சத்திரத்தில் கொள்கைக்காக இருட்டில் உட்காருவது யாருக்கு லாபம்?

திருத்திய பிறகும் தொகை பெரிதாக இருந்தால் தவணை கேளுங்கள். இதையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

மேலே போவது

பிரிவு அலுவலகத்தில் அசையவில்லை என்றால், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர் என்று படி இருக்கிறது. மதுரையில் பெருநகர் வட்டம், மதுரை வட்டம் என இரண்டு வட்டங்கள். உங்கள் பிரிவு எதில் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு மனுவை அனுப்புங்கள். செயற்பொறியாளர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். எல்லா மட்டத்து ஆட்களும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதால், சின்னக் கணக்குத் திருத்தங்கள் அங்கேயே முடிய வாய்ப்புண்டு. சீல் வாங்கிய பிரதியோடு போங்கள்.

அடுத்தது மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்று இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. அங்கே தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த இரண்டு இடத்திலும் கோபமான வாக்கியங்களைவிட தேதி போட்ட அட்டவணை நன்றாகப் பேசும்.

எந்தத் தேதியில் யார் ரீடிங் எடுத்தார், ஏன் விடுபட்டது என்று ஆபீஸில் வாய் திறக்கவில்லையா? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலே மன்றத்தில் ஆவணமாகும்.

நின்றுபோன மீட்டர்

மீட்டர் பழுதாகியிருந்த காலத்துக்கு இஷ்டம்போல் ஒரு எண்ணைப் போட முடியாது. தமிழ்நாடு மின் வழங்கல் விதித் தொகுப்பின்படி, பழுதுக்கு முந்தைய நான்கு மாதப் பயனீட்டின் சராசரியை எடுக்க வேண்டும். இணைப்பு தந்தவுடனேயே மீட்டர் பழுதாகியிருந்தால், சரியான மீட்டர் மாட்டிய பின் வரும் நான்கு மாதத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த காலம் என்றால் அதற்கான சான்றோடு சொல்லுங்கள். மீட்டர் ஓடவில்லை என்று தெரிந்தும், இலவசமாகப் போகிறதென்று சும்மா இருப்பவர்களுக்கு ஒன்று: அந்தப் பணம் என்றைக்கானாலும் ஒரே நாளில் வரும்.

வருடங்கள் கழித்து வரும் கணக்கு

"இரண்டு வருடம் தாண்டினால் கேட்கவே முடியாது" என்று டீக்கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 56-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு அதை வசூலிக்க முடியாது, தொடர்ந்து பாக்கி என்று காட்டி வந்தால் ஒழிய, என்கிறது. ஆனால் அந்த நாள் எது? 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் அஜ்மீர் மின் பகிர்மான நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், பில் போட்ட பிறகே தொகை செலுத்த வேண்டியதாகிறது என்றது. அங்கே 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை தவறான விகிதம் போட்டு, 2014-இல்தான் தணிக்கையில் தெரிந்தது. கூடுதல் தொகை கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று தீர்ப்பானது.

ஆகவே இந்த வகைக் கடிதம் வந்தால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: தவறு என்ன, எந்தத் தேதியில் கண்டுபிடித்தார்கள், மாத வாரியான கணக்கு எங்கே. பழைய காலத்துக்கு அப்போதைய விகிதத்தைத்தான் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தொகை பெரிதென்றால் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

விதித் தொகுப்பு எதிர்ப்பக்கமும் பேசுகிறது. குறைவாகப் போட்டிருந்தால் அவர்கள் கேட்கலாம், கூடுதலாக வாங்கியிருந்தால் நாம் திரும்பப் பெறலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள்

இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், செய்தியும் அவர் கைபேசிக்கே போகும். இரண்டு தடவை பில் வராதது உங்களுக்குத் தெரியவே தெரியாது. குடியேறிய அன்றும் காலி செய்கிற அன்றும் மீட்டரைப் படம் எடுத்து அண்ணாச்சிக்கோ வீட்டுக்கார அம்மாவுக்கோ அனுப்பிவிடுங்கள். பின்னால் அட்வான்ஸில் எட்டாயிரம் பிடிக்கும்போது, உங்கள் காலத்து யூனிட் எவ்வளவு என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும். மனுவை வீட்டுக்காரர் கையெழுத்தில் கொடுப்பது நல்லது. எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் பெரும்பாலும் போட்டுக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. திருத்திய பில் கையில் வந்ததும் அதில் உள்ள முடிவு ரீடிங்கை எழுதி வையுங்கள். அடுத்த பில்லின் தொடக்க ரீடிங் அதே எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே யூனிட்டுக்கு இரண்டாம் தடவை காசு போகிறது, மறுநாளே ஆபீஸுக்குப் போங்கள்.